லிஃப்ட் மாமாவின் இன்பாக்ஸ்

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, சோபாவில் சாய்ந்து, தூங்கலாமா வேண்டாமா என்று மரியாதைக்குக் கொஞ்சம் யோசிப்பதுபோல் கண்ணாடிக்காரர் பாவனை செய்துகொண்டிருந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மச்சான். காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர் மாதிரி, துண்டில் சுற்றிய மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, இதுக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

கண்ணாடிக்காரருக்கு இந்த வைத்தியம் தெரியாது. அவர் தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. இரண்டே விரலால் அதைப் படபடவென்று தட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர் புலி என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவரும் மறுக்கவில்லை. இந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

மச்சான் அவருடைய மனைவியின் அண்ணன். லிஃப்ட் பொருத்துகிற வேலை. எந்த ஊரில் உயரமாகக் கட்டடம் எழும்புகிறதோ அந்த ஊருக்குப் போய், லிஃப்ட் மேலும் கீழும் ஒழுங்காகப் போய் வரும்வரை அங்கேயே குடியிருந்து, பிறகு அடுத்த கட்டடத்துக்குப் பெட்டி கட்டுவார். கல்யாணம் என்கிற மாடியில் மட்டும் அவருடைய லிஃப்ட் நிற்காமலே போய்விட்டது. குடும்பத்தில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவர் லிஃப்ட் மாமா. இப்போது ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மறுநாள் காலை ரயில். போனால் எப்போது திரும்புவார் என்பது அந்தக் கட்டடத்துக்குத்தான் தெரியும்.

மேசையில் வைத்துத் திறந்ததும் திரையின் தலைப்பில் சிவப்புப் பட்டை ஒன்று ஓடியது. இடம் நிரம்பிவிட்டது, இனி மடல்கள் வந்து சேராது என்றது அது.

"கொஞ்ச நாளா ஒண்ணுமே உள்ள வரல மாப்ள. எல்லாம் வாசல்லயே நின்னு திரும்பிப் போயிடுது போல."

"அவ்ளோதானே? குப்பை சேர்ந்திருக்கும். கூட்டித் தள்ளிட்டாப் போச்சு" என்று புலி உறுமியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பட்டியலைக் கீழே தள்ளினார்.

தள்ளத் தள்ள விரலின் வேகம் குறைந்தது.

மெத்தைக் கடை. குழந்தைகள் சாமான் கடை. திரைச்சீலைக் கடை. செருப்புக் கடை. வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் எண்ணெய்க் கம்பெனி, அதுவும் வாரம் தவறாமல். எல்லாமே கண்ணாடிக்காரர் காலடி வைத்த கடைகள். எண்ணெய் வாங்கியது அவர் பொண்டாட்டிக்கே தெரியாது. எண்ணெய்க்கும் தெரியவில்லை போலிருக்கிறது, தலை அப்படியேதான் இருந்தது.

விஷயம் இதுதான். வருஷக்கணக்காக எந்தக் கடையில் மின்னஞ்சல் முகவரி கேட்டாலும் கண்ணாடிக்காரர் தன்னுடையதைச் சொன்னதில்லை. மச்சானுடையதைச் சொல்லிவிடுவார்.

வேண்டுமென்று தொடங்கியதில்லை. கல்யாணமான புதிதில் மெத்தை வாங்கப் போனபோது கவுன்ட்டர் பெண் முகவரி கேட்டாள். அவருடைய முகவரி ஒரு சாபம். கடைக்கு முதல் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த பையன் போகிற போக்கில் உண்டாக்கிவிட்டுப் போனது. கடைப் பெயர், ஒரு புள்ளி, கதவு எண், ஒரு அடிக்கோடு, மறுபடியும் ஒரு புள்ளி. "அடிக்கோடா? படுக்கைக் கோடா சார்?" என்று அந்தப் பெண் கேட்க, இவர் காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்ட, அவள் தப்பாக அடிக்க, பின்னால் தலையணையைக் கட்டிப்பிடித்து நின்ற ஒருவர் அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொள்ள, வரிசை முழுக்கப் பெருமூச்சு விட்டது. அந்த நெருக்கடியில் வாயில் வந்தது மச்சானின் முகவரி. லிஃப்ட்மாமா. ஒரே சொல். புள்ளி இல்லை, கோடு இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் அடித்துவிட்டாள். வரிசை நகர்ந்தது. நாக்கு ருசி கண்டுவிட்டது.

அதற்குமேல் அவருக்குத் தொழில் ரகசியமும் தெரியும். அவர் கடையிலேயே கண்ணைப் பரிசோதித்து முடித்ததும் இனிக்க இனிக்கப் பேசி முகவரி வாங்கிக்கொள்வார். பிறகு அந்த அப்பாவிக்கு 'உங்கள் கண்ணாடிக்கு ஒரு வயது நிறைகிறது' என்று வாழ்த்து போகும். 'உங்கள் கண்ணாடி உங்களைத் தேடுகிறது' என்று போகும். முகவரி கொடுத்தவன் கதி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்?

"யாரோ ஒருத்தன் என் பேரைச் சொல்லிக்கிட்டு ஊரெல்லாம் திரியறான் மாப்ள" என்றார் மச்சான், இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டபடி.

கண்ணாடிக்காரர் பட்டியலை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

மச்சானிடம் அவருக்குப் பயம் என்றால் அது ஒரே ஒரு குணத்தில்தான். மச்சான் கோபப்பட மாட்டார், சத்தம் போட மாட்டார். ஆனால் முகத்துக்கு நேராக ஒருவன் பொய் சொல்லிவிட்டால், கடை ஷட்டரை இறக்குவதுபோலப் பேச்சை இறக்கிவிடுவார். ஒரு மேஸ்திரி, லிஃப்ட் தொங்குகிற கம்பிவடத்தை மாற்றாமலே மாற்றிவிட்டேன் என்று ஒருமுறை சொன்னான். அதற்கப்புறம் இருவரும் ஒரே லிஃப்ட்டில் ஏறி, ஒரே மாடியில் இறங்கி, ஒரே பெஞ்சில் சாப்பிட்டும் அவனிடம் மச்சான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கம்பிவடமும் பேச்சும் ஒண்ணு மாப்ள. ஒரு இழை அறுந்தாலும் அதை நம்பி ஆளை ஏத்தக் கூடாது" என்பார்.

நாளைக்கு ரயிலேறப் போகிற மனிதர். பேச்சை இறக்கிவிட்டு ஏறிவிட்டார் என்றால் அதை ஏற்றுவதற்கு ஆள் கிடைக்காது. கண்ணாடிக்காரருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. உலகத்தில் அவரை 'மாப்ள' என்று கூப்பிட்டு, அவர் சொல்கிற பாடாவதி ஜோக்குக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஒரே ஆள் இவர்தான்.

எனவே தடயத்தை அழிப்பது என்று முடிவெடுத்தார்.

"ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தா விடிஞ்சிடும் மச்சான். மொத்தமா எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கு. சுத்தம்."

"அதான் சரி!" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. மனைவி அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். "அண்ணே, அவர் சொல்ற மாதிரி மொத்தமா அழிச்சிட்டு நிம்மதியா போ. குப்பைய யாராச்சும் பிரிச்சுப் பாப்பாங்களா?"

கண்ணாடிக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. தன் கருத்தை இவள் ஆமோதித்துக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"வேணாம்" என்றார் மச்சான். "ஒண்ணு ஒண்ணா பாப்போம். எது யாரு அனுப்பினதுன்னு தெரியாம அழிக்கக் கூடாது."

"அனுப்பினவங்க வாரியா அடுக்கலாம்" என்று பொத்தானை அமுக்கினார் கண்ணாடிக்காரர். அமுக்கியிருக்கக் கூடாது. பட்டியலின் உச்சியில், மற்ற எல்லாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கம்பீரமாக வந்து உட்கார்ந்தது அவருடைய சொந்தக் கடையின் பெயர்.

"அட, உங்க கடை!"

"அது... மச்சான், அது வந்து, அனுப்பிப் பாக்கற சோதனைக்கு ஒரு முகவரி வேணும்னு... அப்புறம் எடுக்க மறந்துட்டேன்." இது சத்தியமான வார்த்தை. உண்மை சொல்வது இவ்வளவு சுகமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எடுத்துடாதீங்க. வருஷா வருஷம் பிறந்தநாள் வாழ்த்து உங்க கடையிலேர்ந்துதான் மொதல்ல வரும். தேதிதான் தப்பு."

"கைக்கு வந்த தேதியைப் போட்டுட்டேன் மச்சான்."

"பரவால்ல. நானும் அன்னிக்கே ஒரு கேக்கு வாங்கி, கூட இருக்கற பசங்களுக்குக் குடுத்துடுவேன். உண்மைத் தேதி யாருக்குத் தெரியும்?"

கண்ணாடிக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாழ்த்தை எழுதியது கம்ப்யூட்டர். அதில் 'அன்பு வாடிக்கையாளரே' என்றுதான் இருக்கும்.

வேலை நடந்தது. ஒரு மடலைத் திறப்பது, அடியில் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருக்கும் வரியைத் தேடுவது, 'இனி அனுப்பாதே' என்பதை அமுக்குவது. அமுக்கினால் 'எங்களைப் பிரியப் போகிறீர்களா?' என்று அழுகிற முகம் ஒன்று வரும். ஏன் பிரிகிறீர்கள் என்று காரணம் கேட்கும். "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போறப்போ கூட நான் இவ்ளோ கேள்வி கேட்டதில்ல" என்றார் கண்ணாடிக்காரர். மச்சான் மேசையைத் தட்டிச் சிரித்தார். பால்கனியிலிருந்து, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்றது இன்ஜினை வென்ற குரல்.

அந்தச் சமயம் பார்த்து மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். வளர்ந்துகொண்டே இருக்கும் வயது. காலும் கையும் அவளை முந்திக்கொண்டு ஓடும், மிச்சப் பெண் பின்னாலேயே வந்து சேரும். மாமாவின் தோளில் மோவாயை வைத்துத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இந்தக் கரடி நம்ம திரைச்சீலைக் கடைக் கரடிதானே?"

"கரடி எல்லாக் கடையிலயும் இருக்கும்."

"தொப்பி போட்ட கரடியா?"

"குளிர் அடிச்சா எந்தக் கரடியும் தொப்பி போடும். போய் மாமாவுக்கு டீ போட்டுக் கொண்டு வா."

மகள் போனாள். மச்சான் கரடியைப் பார்த்தார். ஜன்னலில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தார். அதன் ஓரத்தில், கழற்ற மறந்த துணிச்சீட்டில், தொப்பி போட்ட அதே கரடி தையலில் சிரித்துக்கொண்டிருந்தது. மச்சான் காதைச் சொறிந்துகொண்டார்.

அடுத்ததாக வந்த மடல் கண்ணாடிக்காரருக்கு உயிர் கொடுத்தது. நீச்சல் பள்ளி. 'பெரியவர்களுக்கான புதன்கிழமை வகுப்பு. தண்ணீரைக் கண்டு பயமா? வாருங்கள், கைபிடித்து இறக்குகிறோம்.' இதைச் சத்தியமாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. உலகத்தில் தன்னைப் போல இன்னொரு அயோக்கியனும் இருக்கிறான் என்று தெரிந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மச்சான்! எவனோ நீச்சல் கத்துக்கறான், உங்க தலையில கட்டியிருக்கான். அநியாயம்!"

"ம். நல்லாத்தான் கத்துக்கறாங்க" என்றார் மச்சான். "ரெண்டாம் நிலை பாஸ். பாராட்டி எழுதியிருந்தாங்க."

பால்கனியில் துணி உதறுகிற சத்தம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடர்ந்தது.

கண்ணாடிக்காரர் உற்சாகமாக அடுத்த மடலைத் திறந்தார். திறந்த வேகத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

வேலை தேடித் தரும் தளம். 'உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வாய்ப்புகள்.'

சில வருஷங்களுக்கு முன்பு, கடைக்கு எதிரிலேயே ஒரு பெரிய கண்ணாடிக் கடை திறந்தது. வாசல் முழுக்கப் பளபளவென்று ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்காரர் தன் கடையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், வாடிக்கையாளர் இல்லாமல் தான் உட்கார்ந்திருப்பது எதிர்க் கடைக் கண்ணாடியில் முழுசாகத் தெரியும். அந்த நாட்களில் ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்தத் தளத்தில் தன் பெயரைப் பதிந்தார். வீட்டில் தன் போனை மனைவி பார்த்துவிடுவாளே என்று, பழகிய நாக்கு சொன்ன முகவரியைப் பழகிய விரலும் அடித்துவிட்டது. பதில் போகப் போவது மச்சானுக்கு என்பதுகூட உறைக்கவில்லை. காத்திருந்து பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. தான் உலகத்துக்குத் தேவையில்லை என்று முடிவு செய்துகொண்டு, கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை ஒன்று மாட்டினார். மாட்டிய ராசியோ என்னவோ, லிஃப்ட் கம்பெனி ஒன்று தொழிலாளர்களுக்கெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று வந்து நின்றது. பின்னாலேயே அந்தத் தொழிலாளர்களின் வீட்டார். கடை பிழைத்துக்கொண்டது. 'ஒரு போர்டு ஒரு கடையைக் காப்பாத்தும்' என்று அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் வகுப்பு எடுப்பார்.

அந்த மடலை அவசரமாக அழிக்கப் போனார். மச்சானின் கை அவர் கைமேல் வந்து உட்கார்ந்தது. கிரீஸ் போகாத, கனமான கை.

"மாப்ள. நேராவே கேக்கறேன். யாரு இது?"

கண்ணாடிக்காரர் அமுக்கப் போன விரலை மடக்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரரின் மூளை, ஆபத்துக் காலத்தில் மட்டும் வேலை செய்கிற அந்த மூளை, சாக்குகளை வரிசையாக நிறுத்தியது. 'உங்க பேரு சொல்றதுக்குச் சுலபம் மச்சான், எவனோ எடுத்து விட்டுட்டான்.' நல்ல சாக்கு. 'கடைக்காரனுங்க முகவரிய ஒருத்தனுக்கு ஒருத்தன் வித்துக்கறானுங்க.' அதைவிட நல்ல சாக்கு, பாதி உண்மையும்கூட. கம்ப்யூட்டர் புலி சொன்னால் மச்சான் நம்பிவிடுவார். இந்தப் பக்கம் திரும்பி அந்த முகத்தைப் பார்த்திருக்காவிட்டால் சொல்லியும் இருப்பார். முகத்தில் கோபம் இல்லை. லிஃப்ட் பொருத்தி முடித்ததும், ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால், தான் மட்டும் உள்ளே நின்று கம்பிவடத்தை அண்ணாந்து பார்ப்பாராம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மச்சான்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "மெத்தைக் கடையில ஆரம்பிச்சது. என் முகவரியில அந்த அடிக்கோடு எழவு... பின்னாடி ஒரு ஆளு தலையணைய வச்சிக்கிட்டு... அப்புறம் பழக்கமாயிடுச்சு. கரடி, செருப்பு, எண்ணெய், எல்லாம் நான்தான். நீச்சல் மட்டும் நான் இல்ல. நீச்சல் எவன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மச்சான் பேசவில்லை. கையை எடுத்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டார்.

அவ்வளவுதான், ஷட்டர் இறங்கிவிட்டது என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். நாளைக்கு ரயிலடிக்குப் போனாலும் மனிதர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பெட்டியை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

மச்சான் ஏதோ தட்டிவிட்டு, மடிக்கணினியை மறுபடி அவர் பக்கம் திருப்பினார். திரையில், மடல்களைப் பிரித்து வைக்கும் தனி அறை ஒன்று திறந்திருந்தது. அதற்குப் பெயர் வைத்திருந்தார்: 'தங்கச்சி வீடு'.

உள்ளே அவ்வளவும் இருந்தது. மெத்தைக் கடையின் ரசீது. குழந்தைகள் சாமான் கடையில் தொட்டில் வாங்கியது. துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதம். பள்ளிக்கூடப் பை. வருஷத்துக்கு ஒரு செருப்பு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவு, ஏறிக்கொண்டே போகும் அளவு.

"தொட்டில் வாங்கினீங்க பாருங்க, அன்னிக்கு நான் ஒரு கட்டடத்து உச்சியில மோட்டார் ரூம்ல இருந்தேன். போன்ல மெயில் வந்துச்சு. தங்கச்சி எனக்குச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாமா ஆகப் போறேன்னு அங்க இருந்த பசங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் அவ போன் பண்ணி சொன்னப்போ, 'ஐயையோ அப்படியா'ன்னு நடிச்சேன்."

"மச்சான்..."

"போன்ல கேட்டா நீங்க 'நல்லா இருக்கோம் மச்சான்'பீங்க. அவ 'நல்லா இருக்கோம்ண்ணே'ம்பா. பாப்பா 'ம்'பா. அதோட சரி. இந்த மெயிலுதான் மாப்ள எனக்கு ஒழுங்கா சேதி சொல்லிட்டிருந்துச்சு. மெஷின் மாத்தினீங்களா, பாப்பா வளந்துட்டாளா, எல்லாம். இப்ப பொட்டி நிரம்பி வர்றது நின்னு போச்சு. உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியல. அதான் தூக்கிட்டு ஓடி வந்தேன்."

"பக்கத்துலதானே இருந்தீங்க, எட்டிப் பாக்கலாமே."

"இப்ப சரி. நாளைக்கு?"

கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"அப்ப இவ்ளோ நாளும் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா நிறுத்திடுவீங்கல்ல?"

"இன்னிக்கு மட்டும் ஏன் கேட்டீங்க?"

"கரடிக்குக் குளிர்னீங்களே" என்றார் மச்சான். "மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, நேரா கேட்டுப் பாத்துடுவோம்னு கேட்டேன். அதுக்கும் 'எவனோ'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. கண்ணாடிக்காரருக்கு முதுகில் ஒரு குளிர் ஓடி இறங்கியது, தொப்பி போட்ட கரடிக்கு அடித்ததைப் போல.

அந்த அறையின் கடைசியில் இன்னொரு மடல் இருந்தது. வேலை தேடும் தளத்திலிருந்து வந்த முதல் மடல். கண்ணாடிக்காரரின் பெயரைச் சொல்லி வரவேற்றிருந்தது. அவர் அதையும் தேதியையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

"மச்சான், அந்த வருஷம் பாதுகாப்புக் கண்ணாடி வேணும்னு வந்த கம்பெனி..."

"நம்ம கம்பெனிதான்."

"நான் என்னமோ புது போர்டைப் பாத்துட்டு வந்தாங்கன்னு..."

"போர்டும் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள" என்றார் மச்சான் அவசர அவசரமாக. "அதைப் பாத்துட்டே ரெண்டு பேரு வந்திருப்பாங்க."

இந்த முறை கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வெடித்தது. மச்சானுக்கும் தொற்றிக்கொண்டது. டீயோடு வந்த மகள், இரண்டு பெரிய மனிதர்கள் கண்ணில் தண்ணீர் வர மேசையைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கோப்பைகளைத் தூரமாக வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. லாட்டரியில் ஜெயித்ததாகச் சொன்னவர்கள், வெளிநாட்டு அரண்மனையிலிருந்து தனிமையில் வாடி எழுதியவர்கள், பேர் ஊர் இல்லாத வங்கிகள் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். எண்ணெய்க் கம்பெனியைக் கண்ணாடிக்காரர் தன் கையாலேயே வெளியே தள்ளினார். காரணம் கேட்டது. 'பலன் இல்லை' என்று அடித்தார். மெத்தை, செருப்பு, பள்ளிக்கூடச் சாமான் எல்லாம் மச்சானின் உத்தரவுப்படி தங்கின. கண்ணாடிக் கடை தங்கியது, பிறந்தநாளும் தப்பான தேதியிலேயே தங்கியது. இத்தனை காலம் கேக் தின்ற பிறகு தேதியை மாற்றினால் பசங்கள் சந்தேகப்படுவார்களாம்.

"நீச்சலைத் தூக்கிடலாமா மச்சான்?"

"அது இருக்கட்டும்."

"அது யாரோ எவனோ..."

"இருக்கட்டும்னேன்ல" என்று சொல்லி, அதையும் எடுத்து 'தங்கச்சி வீடு' அறைக்குள் போட்டார் மச்சான். பட்டியலிலேயே மூழ்கிவிட்டதால் தவறிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். திரையின் தலைப்பில் இருந்த சிவப்புப் பட்டை மறைந்தது. வாசலுக்கு வந்த புது மடல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின.

மறுநாள் ரயிலடியில் மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வண்டி நகரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். நகர்ந்த பிறகும் கத்திப் பேசினார். தங்கையின் தொண்டை அண்ணனுக்கும் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, மகளின் காலுக்குப் பழைய செருப்பு போதவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், மனைவி வேலை முடிந்து நேராகக் கடைக்கே வந்து சேர்ந்துகொண்டாள். எப்போதும் போலப் புதன்கிழமைக்கு ஈரத்தலை. "டிப்போவுல குளிச்சிட்டு வந்தேன், ஒரே தூசி" என்றாள், எப்போதும் போல.

கவுன்ட்டர் பெண் செருப்புப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள். "மின்னஞ்சல் சொல்லுங்க சார்."

கண்ணாடிக்காரர் திருந்திய மனிதர். இனி யார் தலையிலும் கட்டுவதில்லை, சேதி சொல்லவேண்டுமானால் தானே போன் போட்டுச் செருப்பு அளவு முதற்கொண்டு சொல்வது என்று சபதம் எடுத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தன்னுடைய முகவரியைத் தொடங்கினார். கடைப் பெயர், புள்ளி, கதவு எண், பிறகு, "அடிக்கோடும்மா. கீழ போடுற கோடு."

"படுக்கைக் கோடா சார்?"

"படுக்கைதான், ஆனா கீழ படுத்திருக்கும்." காற்றில் விரலால் போட்டுக் காட்டினார். பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது. யாரோ ஒரு பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்கள்.

"அட நகருங்க" என்று மனைவி அவரை ஓரம் தள்ளினாள். பேருந்துத் தொண்டையில், ஒரு எழுத்து தடுக்காமல், பல நாள் சொல்லிச் சொல்லி மழுங்கிய வேகத்தில் சொன்னாள். "லிஃப்ட்மாமா. எல்லாம் சேத்து, ஒரே சொல். புள்ளி கிடையாது, கோடு கிடையாது."

கவுன்ட்டர் பெண் சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் அடித்துவிட்டாள். வரிசை நகர்ந்தது.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி செருப்புப் பெட்டியைப் பார்த்தாள். அவளுடைய ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு, அவளுடைய சீருடைச் சட்டைக் காலரில் விழுந்தது. டிப்போத் தண்ணீருக்கு இல்லாத ஒரு குளோரின் வாசனை. கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போனபோது, கணுக்கால் நனைந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அலறிக் கரைக்கு இழுத்தவள் இவள்.

"ரெண்டாம் நிலை பாஸாமே?" என்றார் மெதுவாக.

அவள் முகம் குங்குமமாகச் சிவந்தது. "அண்ணன் சொல்லிடுச்சா?"

"யாருன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லல."

"மூணாவது முடிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன். ஆழத்துல நீந்தணும். நடுவுல பயந்து ஓடி வந்துட்டா நீங்க அதை வச்சு வருஷம் பூரா ஜோக் அடிப்பீங்க."

"அடிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார் கண்ணாடிக்காரர். செருப்புப் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "ஆழத்துல இறங்கற அன்னிக்கு நானும் வந்து கரையில நிக்கட்டுமா? பேசாம நிப்பேன்."

"பேசாம? நீங்களா?" என்றாள் மனைவி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசலுக்கு வருவதற்குள் கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எந்த ஊரிலோ, எந்தக் கட்டடத்தின் உச்சியிலோ இருந்து மச்சான் எழுதியிருந்தார்.

'மாப்ள, அதுக்குள்ள பாப்பா கால் இவ்ளோ வளந்துடுச்சா?'